புற்றுநோய் போலத் தோன்றும் நத்தைக் காய்ச்சல்: பாசன நீரில் இறங்கும் பெண்கள் அறிய வேண்டியவை

வயலிலும் வாய்க்காலிலும் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு, தண்ணீரால் வரும் நோய் என்றால் சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்றுதான் நினைவுக்கு வரும். கருப்பை வாயில் புண்ணை உண்டாக்கி, உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிய வைத்து, பரிசோதிக்கும் மருத்துவரையே "புற்றுநோயாக இருக்குமோ" என்று சந்தேகிக்க வைக்கும் ஒரு நோயும் தண்ணீரிலிருந்து வரும் என்பது பலருக்குத் தெரியாது.

பெண் பிறப்புறுப்பு நத்தைக் காய்ச்சல் என்று அதைச் சொல்லலாம். மருத்துவத்தில் சிஸ்டோசோமியாசிஸ் என்றும், பழைய வழக்கில் பில்ஹார்சியா என்றும் அழைக்கப்படும் ஒட்டுண்ணி நோயின் ஒரு வடிவம் இது. ஆப்பிரிக்காவில் ஏரி, ஆறு, பாசன வாய்க்கால்களை நம்பி வாழும் பெண்களிடமும் சிறுமிகளிடமும் அதிகம் காணப்படுகிறது. சுமார் 5.6 கோடி பெண்களுக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆனாலும் பல ஊர்களில் சரியாகக் கண்டறியப்படாமல், ஒரு சிலருக்குப் பால்வினை நோய் என்றும் வேறு சிலருக்குப் புற்றுநோய் என்றும் தவறாக முடிவு கட்டப்படுகிறது.

இந்தியாவில் இந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை. எனவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேளாண் வேலை, கட்டுமானம், வியாபாரம் என்று ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வருபவர்கள் நம்மிடையே உண்டு. இந்தப் புழுவின் உறவுக்காரப் புழுக்கள் நம் மாடுகளிலும் உள்ளன. அதனால் நாமும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நோய்க் காரணி

இந்நோயை உண்டாக்குவது சிஸ்டோசோமா ஹீமடோபியம் என்ற தட்டைப்புழு. ஆடு மாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இது ரத்தக் குழாய்க்குள் வாழ்கிறது. 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஆண் புழுவின் உடலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு உண்டு. மெல்லிய பெண் புழு அந்த மடிப்புக்குள் தங்கி, இரண்டும் இணையாகவே வாழ்கின்றன. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். சிலரிடம் 30 ஆண்டுகள் வரை இருந்ததும் உண்டு.

இந்தப் புழுவை 1851-இல் எகிப்தின் கெய்ரோ நகரில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டறிந்தார். பில்ஹார்சியா என்ற பெயர் அவரால் வந்தது. பெண் பிறப்புறுப்பில் இந்நோய் இருப்பதை 1899-இல் அதே கெய்ரோவில் மேடன் என்ற அறுவை மருத்துவர் முதலில் பதிவு செய்தார். நத்தை வழியாகத்தான் நோய் பரவுகிறது என்பதை 1915-இல் எகிப்தில் ஆய்வு செய்த ராபர்ட் லைப்பர் நிரூபித்தார். நோயைக் கண்டுபிடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், பெண்களைத் தாக்கும் வடிவம் மருத்துவப் பாடங்களில் போதிய இடம் பெறவில்லை என்பதே வருத்தம்.

நோய் பரவும் விதம்

1. நோய் உள்ளவர் ஏரியிலோ வாய்க்காலிலோ, அதன் கரையிலோ சிறுநீர் கழிக்கும்போது புழுவின் முட்டைகள் தண்ணீரில் சேர்கின்றன.

2. நன்னீரில் முட்டை பொரிந்து மிக நுண்ணிய இளம்புழு வெளிவருகிறது. அது புலினஸ் என்ற நன்னீர் நத்தையைத் தேடி அதன் உடலுக்குள் நுழைகிறது.

3. நத்தைக்குள் சில வாரங்கள் பெருகிய பின், பிளவுபட்ட வால் கொண்ட ஆயிரக்கணக்கான நுண்புழுக்களாகத் தண்ணீரில் வெளிவருகின்றன. வெயில் ஏறிய நண்பகல் நேரத்தில்தான் இவை அதிகம் வெளியேறும்.

4. அந்தத் தண்ணீரில் காலோ கையோ பட்டால், நுண்புழு சில நிமிடங்களில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்பதும் இல்லை.

5. உடலுக்குள் சென்ற புழு ரத்தத்தோடு பயணம் செய்து வளர்ந்து, சிறுநீர்ப்பையையும் இடுப்புப் பகுதி உறுப்புகளையும் சூழ்ந்த சிரைகளில் குடியேறி முட்டையிடத் தொடங்குகிறது.

ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நேரடியாக இது தொற்றாது. உடலுறவால் வருவதில்லை, ஒன்றாகச் சாப்பிடுவதாலும், ஒரே துணியைப் பயன்படுத்துவதாலும் வருவதில்லை. நத்தை இருக்கும் நன்னீரைத் தொடாமல் இந்த நோய் வராது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தாலே பல குடும்பங்களில் வீண் சந்தேகம் நீங்கும்.

பெண் உறுப்புகளில் புண் வருவது ஏன்?

பெண் புழு தினமும் பல முட்டைகள் இடுகிறது. அவற்றில் ஒரு பகுதிதான் சிறுநீரோடு வெளியேறும். மீதி உடலின் திசுக்களிலேயே சிக்கிக்கொள்ளும். சிறுநீர்ப்பையின் சிரைகளும் கருப்பை, கருப்பை வாய், பிறப்புறுப்புப் பாதை ஆகியவற்றின் சிரைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதனால் முட்டைகள் இந்த உறுப்புகளிலும் தங்கிவிடுகின்றன.

முட்டையின் ஒரு முனையில் கூர்மையான முள் இருக்கும். அன்னியப் பொருள் என்று உணர்ந்து உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சூழ்ந்து கட்டியாக மாற்றுகின்றன. நாளடைவில் முட்டை செத்துச் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிறது. கருவி வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த இடம் மஞ்சள் நிறத்தில், மணல் தூவியது போலத் தெரியும். மணல் திட்டு என்றே மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். சுற்றிலும் இயல்புக்கு மாறான ரத்தக் குழாய்கள் வளர்ந்திருக்கும். லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசியும். சிலருக்கு ரப்பர் போன்ற சிறு கட்டிகளும், வெளி உறுப்பில் மரு போன்ற சதை வளர்ச்சியும் காணப்படும்.

அறிகுறிகள்

• உடலுறவின்போது வலி, அதன் பின் ரத்தக் கசிவு
• மாதவிலக்கு அல்லாத நாட்களில் ரத்தம் படுதல்
• நிறம் மாறிய அல்லது ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல்
• பிறப்புறுப்பில் எரிச்சல், அரிப்பு
• அடிவயிற்றிலும் இடுப்பிலும் நீங்காத வலி
• சிறுநீரில் ரத்தம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடக்க முடியாமை
• கருத்தரிக்காமை, கருச்சிதைவு, கருப்பைக்கு வெளியே கரு தங்குதல்

சிறுநீரில் ரத்தம் வந்தால்தான் இந்த நோய் என்று நினைப்பது தவறு. சிறுநீரில் ஒரு முட்டைகூடத் தென்படாத பெண்ணுக்கும் கருப்பை வாயில் புண் இருக்கக்கூடும். சிறுமிகளுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் மாதவிலக்கு என்று தாயே எண்ணிவிடுவதும் உண்டு.

புற்றுநோய் என்று தவறாக எண்ணுவது எப்படி?

மேலே சொன்ன அறிகுறிகளில் முதல் மூன்றையும் பாருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அவையே முக்கிய அறிகுறிகள். கருவி வைத்துப் பார்த்தாலும் கரடுமுரடான புண், தொட்டால் ரத்தம், சதை வளர்ச்சி என்று இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் இந்நோயைப் பார்த்துப் பழகாத செவிலியரோ மருத்துவரோ புற்றுநோய் என்று அஞ்சுவதில் வியப்பில்லை.

இப்படித் தவறு நேரும்போது மூன்று விதமான பாதிப்பு ஏற்படுகிறது.

முதலாவது, பால்வினை நோய் என்ற முத்திரை. அந்தப் பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுக்கப்படுகிறது. அது புழுவைக் கொல்லாது, நோய் தீராது. இதற்கிடையே கணவன் மனைவிக்குள் சந்தேகம் வளர்கிறது. திருமணமாகாத பெண்ணாக இருந்தால் பழி இன்னும் கூடுகிறது. வாய்க்காலில் துணி துவைத்ததற்கும் நாற்று நட்டதற்கும் கிடைத்த நோய்க்கு அவள் நடத்தை விசாரிக்கப்படுகிறது.

இரண்டாவது, புற்றுநோய் என்ற அச்சம். நகரத்து மருத்துவமனைக்கு அலைச்சல், பயணச் செலவு, கடன். சில இடங்களில் தேவையற்ற அறுவைச் சிகிச்சை வரை போனதும் உண்டு. மலிவான ஒட்டுண்ணி மாத்திரையை முதலிலேயே கொடுத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவது, இதற்கு நேர்மாறான தவறு. "இது நத்தைக் காய்ச்சல்தான்" என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, உண்மையான புற்றுநோயைக் கவனிக்காமல் விடுவது. இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருக்கவும் கூடும். எனவே ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்றைச் சோதிக்காமல் விடக்கூடாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள்

காரணம்: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் காரணம். நத்தைக் காய்ச்சலுக்குத் தட்டைப்புழுவின் முட்டை காரணம்.

வயது: புற்றுநோய் பெரும்பாலும் 30 வயதைக் கடந்தவர்களிடம் காணப்படும். நத்தைக் காய்ச்சல் புண் பள்ளிச் சிறுமிகளிடமும் இருக்கும்.

பின்னணி: நோய் உள்ள நாட்டில் ஏரி, ஆறு, வாய்க்கால் நீரில் இறங்கிய பழக்கம் நத்தைக் காய்ச்சலைச் சுட்டும்.

தோற்றம்: மஞ்சள் மணல் திட்டும், அதைச் சுற்றிய இயல்பற்ற ரத்தக் குழாய்களும் நத்தைக் காய்ச்சலின் அடையாளங்கள்.

உறுதி செய்தல்: சிறு துண்டு சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டையா, புற்றணுவா என்பது தெரியும். பிறப்புறுப்பிலிருந்து பஞ்சால் எடுக்கும் மாதிரியில் புழுவின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இந்தப் புண்களின் வண்ணப் படங்களைக் கொண்ட கையேடு ஒன்றை மருத்துவப் பணியாளர்களுக்காக வெளியிட்டது. புண்ணை நேரில் பார்த்து அடையாளம் காண அது உதவுகிறது.

இந்த நோய் புற்றுநோயாக மாறுமா?

சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை ஆபத்து உண்டு. சிஸ்டோசோமா ஹீமடோபியம் புழு சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் வகைப்படுத்தியது. கருப்பை வாய்ப் புற்றுநோயை இப்புழு நேரடியாக உண்டாக்கும் என்பது நிறுவப்படவில்லை.

எச்ஐவி தொற்றும் கவனிக்க வேண்டியது. புண்ணும் ரத்தக் கசிவும் உள்ள இடத்தில் வைரஸ் எளிதில் நுழைய வழி கிடைக்கிறது. ஜிம்பாப்வே கிராமப்புறப் பெண்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், இந்தப் புண் உள்ளவர்களிடம் எச்ஐவி இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகக் காணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவைக் காட்டவில்லை. ஆனாலும் புண்ணை ஆற்றாமல் விடக்கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

அணையும் வாய்க்காலும் கொண்டுவந்த நோய்

விவசாயிகள் இந்நோயைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணம், பாசனத்தோடு இது சேர்ந்தே வளர்ந்தது என்பதுதான். ஓடும் ஆற்று நீரில் இந்த நத்தைகள் பெருகுவது கடினம். தேங்கிய நீரும், மெதுவாக ஓடும் வாய்க்காலும், கரையோரப் பாசியும் செடியும்தான் அவற்றுக்கு ஏற்ற வீடு.

எகிப்தில் நைல் வெள்ளத்தை நம்பிய ஒருபோகப் பாசனம், அணைகள் வந்தபின் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் பாசனமாக மாறியது. நத்தைகள் பெருகி நோயும் பெருகியது. சூடானில் 1925-இல் பருத்திக்காகத் தொடங்கிய கெசிரா பாசனத் திட்டத்தில் வாய்க்கால் நீண்ட இடமெல்லாம் நத்தையும் சென்றது. கானாவில் 1965-இல் அகோசோம்போ அணை கட்டியபின் உருவான வோல்டா ஏரியின் கரைக் கிராமங்களில் குழந்தைகளின் சிறுநீரில் ரத்தம் வருவது வெகுவாக அதிகரித்தது.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். கடல் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்க 1986-இல் தியாமா அணை கட்டப்பட்டது. நெல்லும் கரும்பும் விளைந்தன. ஆனால் உப்பு குறைந்த நீரில் நத்தைகள் பெருகின. ரிச்சார்-தோல் என்ற ஊரில் சில ஆண்டுகளிலேயே குடல் வகை நத்தைக் காய்ச்சல் பெரும் அளவில் பரவியது. பின்னர் சிறுநீர் வகையும் அந்தப் பகுதியில் பரவியது. நத்தைகளைத் தின்னும் ஆற்று இறால்கள் இனப்பெருக்கத்துக்கு உவர்நீர் வரை சென்று வர வேண்டியவை. அணை அந்த வழியையும் அடைத்துவிட்டது.

அணை வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. பாசனத் திட்டம் போடும்போது குடிநீர்க் குழாய், துணி துவைக்கத் தனி இடம், கழிப்பறை, மருத்துவம் ஆகியவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே பாடம்.

வயலில் கிடைத்த தீர்வுகள்

அதே செனகலில் இரண்டு முயற்சிகள் நல்ல பலன் தந்தன.

இறால் விடுதல்: லாம்ப்சார் என்ற கிராமத்தின் நீர்த்துறையில் ஆற்று இறால்களை விட்டுப் பார்த்தார்கள். நோய் தாங்கிய நத்தைகள் பெருமளவு குறைந்தன. மக்களிடமும் தொற்று குறைந்தது. இந்த ஆய்வு 2015-இல் வெளியானது. இறாலை உணவாகவும் விற்கலாம் என்பது கூடுதல் லாபம்.

நீர்ச்செடி அகற்றுதல்: மக்கள் இறங்கும் துறைகளில் செரட்டோஃபில்லம் என்ற நீர்ச்செடி அடர்ந்து, நத்தைகளுக்கு இருப்பிடமாக இருந்தது. வயலிலிருந்து வடியும் உரச்சத்து அந்தச் செடியை மேலும் வளர்த்தது. ஆய்வுக்குழுவினர் அதை அகற்றினார்கள். அகற்றிய ஊர்க் குழந்தைகளிடம் குடல் வகை நத்தைக் காய்ச்சல், அகற்றாத ஊர்களைவிடக் குறைவாக இருந்தது. எடுத்த செடியை மக்கவைத்து உரமாக இட்டபோது வெங்காயம், மிளகாய் விளைச்சல் கூடியது. கால்நடைத் தீவனமாகவும் பயன்பட்டது. இந்த முடிவுகள் 2023-இல் வெளியாயின. வயலிலிருந்து போன சத்து வயலுக்கே திரும்பியது; நோயும் குறைந்தது. இப்படிச் செடி அகற்றுபவர்கள் ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சிகிச்சை

பிராசிகுவான்டல் என்ற மாத்திரையே இந்நோய்க்கு மருந்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே வேளையாகக் கொடுப்பது வழக்கம். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கால்நடைக்கு வாங்கிய குடற்புழு மருந்தை மனிதர்கள் ஒருபோதும் சாப்பிடக் கூடாது.

இந்த மருந்து வளர்ந்த புழுக்களைக் கொல்லும்; முதிராத இளம்புழுக்களை அவ்வளவாகக் கொல்லாது. அதனால் சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டி வரலாம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. புழு செத்தாலும், பல ஆண்டுகளாகத் திசுவில் படிந்த முட்டைகளும் மணல் திட்டுகளும் உடனே மறைவதில்லை. வயது வந்த பெண்களுக்கு மருந்துக்குப் பிறகும் புண் நீடிக்கலாம். சிறு வயதிலேயே மருந்து பெற்றவர்களுக்கு வளர்ந்தபின் இந்தப் புண்கள் குறைவாக இருப்பது ஜிம்பாப்வேயில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே புண் வரும் வரை காத்திருக்காமல், சிறுமிகளாக இருக்கும்போதே மருந்து கொடுப்பதுதான் சிறந்த வழி.

நோய் உள்ள நாடுகளில் பள்ளிகள் வழியாக இந்த மாத்திரை வழங்கப்படுகிறது. பள்ளிக்குப் போகாத சிறுமிகளும், வயல் வேலைக்குப் போகும் பெண்களும் அதில் விடுபட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் பரவல் 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பகுதிகளில் 2 வயது முதல் எல்லோருக்கும் மருந்து கொடுக்கச் சொல்கிறது. பெரியவர்கள், முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரும் இதில் அடங்குவர்.

தடுப்பு முறைகள்

நோய் உள்ள பகுதிகளில் வசிப்போரும் அங்கு வேலைக்குச் செல்வோரும் கவனிக்க வேண்டியவை:

• ஏரி, குளம், ஆறு, வாய்க்காலில் குளிப்பதையும் நீந்துவதையும் தவிர்க்கவும். தண்ணீர் தெளிவாக இருப்பதாலேயே அது பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம்.
• வயல் வேலைக்கு இறங்கியே ஆக வேண்டும் என்றால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியவும்.
• முடிந்தவரை நண்பகல் வேளையில் தண்ணீரில் இறங்குவதைத் தவிர்த்துக் காலையிலேயே வேலையை முடிக்கவும். இதனால் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்காது.
• குளிக்கவும் துவைக்கவும் எடுத்த நீரை நத்தை இல்லாத மூடிய தொட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தால் நுண்புழுக்கள் இறந்துவிடும். குடிநீரைக் கொதிக்க வைக்கவும்.
• தண்ணீரிலும் கரையிலும் சிறுநீர், மலம் கழிக்கக் கூடாது. சிறுநீர் வழியாகவும் நோய் பரவுகிறது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும்.
• வாய்க்காலில் செடி கொடி அண்டாமல் தூர்வாரவும். இடையிடையே நீரை நிறுத்திக் காயவிடுவதும், நீர் தேங்காமல் ஓடவிடுவதும் நத்தையைக் குறைக்கும்.
• நத்தைக்கொல்லி மருந்துகள் மீன்களையும் கொல்லும். அதிகாரிகளின் மேற்பார்வை இன்றித் தெளிக்கக் கூடாது.

நம் ஊருக்கு உள்ள தொடர்பு

1952-இல் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள கிம்வி கிராமத்தில் சிறுநீர் வகை நத்தைக் காய்ச்சல் பரவியிருந்தது அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் ஓர் ஊரில் நிலைகொண்டிருந்ததற்கு அதிகம் பேசப்படும் சான்று அதுதான்.

மாடுகளின் கதை வேறு. நம் மாடுகளின் மூக்கின் சிரைகளில் வாழும் சிஸ்டோசோமா நேசாலே என்ற புழுவை 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் அனந்த நாராயண ராவ் என்ற அறிஞர் விவரித்தார். இந்த நோய் வந்த மாட்டின் மூக்கில் காலிஃபிளவர் போன்ற சதை வளரும். சளியும் ரத்தமும் ஒழுகும். மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்கும். பார்ப்பவர் மூக்கில் புற்று என்றே நினைப்பார். முட்டையைச் சுற்றி உடல் கட்டும் கட்டிதான் அங்கும் காரணம். பெண்களின் கருப்பை வாயில் நடப்பதும் மாட்டின் மூக்கில் நடப்பதும் ஒரே வகையான மாற்றம். மாட்டுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மூக்குச் சளியைச் சோதிக்கச் சொல்லவும். நத்தை நிறைந்த குட்டையில் மாடுகளை விடாமல் தொட்டியில் தண்ணீர் காட்டவும். வாத்து வளர்ப்போர் வாத்துகளை விட்டு நத்தைகளைக் குறைக்கலாம்.

மாட்டுப் புழுவின் நுண்புழுக்கள் நெல் வயலில் வேலை செய்வோரின் தோலில் நுழைந்து அரிப்பையும் சிவந்த தடிப்பையும் உண்டாக்கும். மனித உடலில் அவை வளர முடியாமல் தோலிலேயே இறந்துவிடும். கருப்பை வாய்ப் புண்ணை இவை உண்டாக்குவதில்லை. எனவே வயல் அரிப்பு வந்தவர்கள் அஞ்ச வேண்டாம்.

கேள்வி பதில்

ஆப்பிரிக்காவில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் என்ன செய்ய வேண்டும்?
அங்கே ஏரி, ஆறு, வாய்க்காலில் இறங்கியிருந்தால், கடைசியாக இறங்கிய நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து, அறிகுறி இல்லாவிட்டாலும் ரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளவும். எந்த நாட்டில், எந்த நீரில் இறங்கினோம் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவும். நீங்கள் சொல்லாவிட்டால் நம் ஊர் மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கு வர வாய்ப்புக் குறைவு.

வெளிநாடே செல்லாத எனக்கு உடலுறவுக்குப் பின் ரத்தம் வருகிறது. இது நத்தைக் காய்ச்சலா?
பெரும்பாலும் இருக்காது. ஆனால் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஆரம்பத்தில் கண்டறிந்தால் குணப்படுத்த முடியும்.

கணவரும் மருந்து சாப்பிட வேண்டுமா?
மனைவியிடமிருந்து கணவருக்கு இது தொற்றாது. ஆனால் அவரும் அதே நீரில் இறங்கியவர் என்றால் அவருக்கும் சோதனை தேவை.

முடிவாக

பெண்கள் இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். கேட்பவர்கள் நடத்தையைச் சந்தேகிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புழு பல ஆண்டுகள் பத்திரமாக வாழ்கிறது. மாட்டுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் அன்றே மருத்துவரை அழைக்கும் வீட்டில், பெண்ணுக்கு ரத்தம் கசிந்தால் மாதக்கணக்கில் மறைத்து வைப்பது சரியல்ல. நீரில் இறங்கி வேலை செய்த பெண் அடிவயிற்று வலி என்றோ ரத்தக் கசிவு என்றோ சொன்னால், முதலில் எந்த நீரில் இறங்கினாள் என்று கேளுங்கள்; பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புழுவா, புற்றா என்பதைச் சோதனை சொல்லட்டும். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் தெரிந்துகொள்வதே அவளுக்கு நல்லது.